வினிகரில் நுரைக்காத கல் எல்லாம் தொட்டிக்கு ஏற்றதல்ல

மீன்களுக்குக் குகை கட்ட எடுக்கும் கல்லில் வினிகர் விட்டு, நுரைக்காவிட்டால் எந்த மீன் தொட்டியிலும் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு என்பது சரிதான். நுரைக்காவிட்டால் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வினிகரில் பொதுவாக 5 சதவீத அளவில்தான் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. டோலமைட் (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கனிமம்) கலந்த கல்லில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாகவே வேலை செய்யும். ஆணியால் சுரண்டி எடுத்த தூளில் விட்டால் சில சமயம் மெல்லிய குமிழ்கள் தெரியும். அதையும் முழுதாக நம்ப முடியாது.

நம்பகமான வழி இரண்டு வாளிகள். இரண்டிலும் ஒரே தண்ணீர், ஒரே அளவு. ஒன்றில் மட்டும் கழுவிய கல். மூடி வைத்து, முதல் நாளும் 14ஆம் நாளும் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு டெஸ்ட் கிட்டால் ஜிஎச் (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) இரண்டையும் பாருங்கள். கல் உள்ள வாளியில் மட்டும் ஏறியிருந்தால் கல் கரைகிறது. பிஎச் (அமில-காரத் தன்மை) மட்டும் பார்த்தால் போதாது. கரியமில வாயு வெளியேறினாலே அது மாறிவிடும். கப்பி, மோலி மீன்களுக்கு இப்படிக் கரையும் கல் பெரும்பாலும் தொந்தரவு தராது. டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்னீர் (கடினத்தன்மை குறைந்த தண்ணீர்) மீன்களுக்கு வேண்டாம்.