கே.டி.ஜாதவை முதலில் ஒரு பயில்வானாகப் பாருங்கள்

ஒலிம்பிக் வந்தால் போதும், சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த மல்யுத்த வீரர் கே.டி.ஜாதவ் பற்றிய பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். கல்லூரி முதல்வர் வீட்டை அடமானம் வைத்து அவரை அனுப்பினார், பதக்கத்தோடு திரும்பியபோது 151 மாட்டு வண்டிகளில் ஊர்வலம் போனார்கள், கடைசி காலத்தில் பென்ஷனுக்காக அலைந்தார், உயிரோடு இருந்தவரை பத்ம விருது கூட இல்லை. நானும் அதை இரண்டு மூன்று முறை பகிர்ந்திருக்கிறேன். ஆனால் அவர் எப்படிக் குஸ்தி போட்டார் என்று அந்தப் பதிவுகளில் ஒரு வரி இருக்காது. பாவம் பாவம் என்று சொல்லியே ஒரு பெரிய விளையாட்டு வீரரைச் சின்னவராக்கிவிட்டோம் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டம், கராடுக்குப் பக்கத்தில் கோலேஷ்வர் என்ற கிராமம். 1926 ஜனவரி 15இல் பிறந்தார். அப்பா தாதாசாகேப்பே ஒரு பயில்வான். அப்புறம் படிப்புக்காகக் கோலாப்பூர். கோலாப்பூர் என்றால் செருப்பும் காரமும் நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது குஸ்தி ஊர். சாகு மகாராஜா காலத்திலிருந்து தெருவுக்குத் தெரு தாலீம்கள், அதாவது குஸ்திப் பயிற்சிக்கூடங்கள். அங்கே குஸ்தி என்றால் செம்மண் கோதாதான். எதிராளியின் முதுகை மண்ணில் படவைத்தால் வெற்றி, அவ்வளவுதான். புள்ளிக் கணக்கெல்லாம் அங்கே பெரிதில்லை.

இந்த மண்ணிலிருந்து போனவர் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மேட் (மல்யுத்த மெத்தை) மீது நிற்கிறார். கோலாப்பூர் மகாராஜாதான் செலவைப் பார்த்துக்கொண்டார். மண்ணில் கால் ஊன்றுவது வேறு, மேட்டில் ஊன்றுவது வேறு. சர்வதேச விதிகளும் அவருக்குப் புதுசு. அமெரிக்கரான ரீஸ் கார்ட்னர் அங்கே பயிற்சி கொடுத்தார். ஃப்ளைவெயிட் (52 கிலோ) பிரிவில் ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸையும் அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகனையும் ஜெயித்தார், ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்றார். கடைசியில் ஆறாவது இடம். பழக்கமே இல்லாத களத்தில் முதல் முறை போய் உலகில் ஆறாவதாக வந்தவரை அன்றைக்கே தலையில் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

அடுத்த நான்கு வருடம் அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. 52 கிலோ பிரிவை விட்டு 57 கிலோவுக்கு, அதாவது பேன்டம்வெயிட்டுக்கு ஏறினார். தன்னைவிடக் கனமானவர்களோடு மோத வேண்டும் என்று தெரிந்தேதான் போனார். அவருடைய பலம் 'தாக்' என்ற பிடி: எதிராளியின் தலையைக் கைக்குள் பூட்டி, அப்படியே சுழற்றிக் கீழே போடுவது. மண் கோதாவில் கற்ற அந்த வித்தையை மேட்டுக்கும் ஏற்றபடி பழக்கிக்கொண்டார்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1952இல் தேசியப் போட்டி நடந்தது சென்னையில். அங்கே தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துப் போட்டுத் தன்னை ஒலிம்பிக் தேர்விலிருந்து வெளியேற்றினார்கள் என்பது ஜாதவின் குற்றச்சாட்டு. அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்த பாட்டியாலா மகாராஜாவிடம் நேராக முறையிட்டார். மறுபடி போட்டி வைத்தார்கள், ஜெயித்தார், ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்குத் தேர்வானார். பாவம் பார்த்து யாரும் அவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. சண்டை போட்டு வாங்கினார்.

பயணப் பணத்துக்குத்தான் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர் 7,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் வைத்தார். கைகூப்ப வேண்டிய மனிதர். ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார்? இந்தப் பையன் ஜெயிப்பான் என்று நம்பினார், அதனால்தானே?

ஹெல்சின்கியில் என்ன நடந்தது? அந்தக் கால ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ஒரு தோல்வியோடு வெளியேற்றம் கிடையாது. கெட்ட புள்ளிகள் அளவுக்கு மேல் சேர்ந்தால்தான் வெளியேற்றம். தோற்றால் மட்டுமில்லை, புள்ளிகளில் ஜெயித்தாலும் ஒரு கெட்ட புள்ளி ஏறும். எதிராளியின் இரண்டு தோளும் மேட்டில் பதிய வைத்து ஜெயித்தால்தான் ஒன்றும் ஏறாது. ஜாதவ் கனடாவின் பொலிக்வினையும் மெக்சிகோவின் பசுர்தோவையும் அப்படித்தான் சாய்த்தார். ஜெர்மனியின் ஷ்மிட்ஸைப் புள்ளிகளில் வென்றார். முதுகை மண்ணில் படவைக்கும் அந்தக் கோலாப்பூர் பழக்கம்தான் அவரைக் கடைசி மூவரில் ஒருவராக்கியது என்பது என் கருத்து.

கடைசியில் ஜப்பானின் ஷோஹாச்சி இஷி தங்கம், சோவியத்தின் ரஷீத் மமெத்பெகோவ் வெள்ளி, நம்மவர் வெண்கலம். இஷியோடு நீண்ட நேரம் போராடி முடித்த கையோடு, விதிப்படி வேண்டிய அரை மணி ஓய்வு கூட இல்லாமல் மமெத்பெகோவோடு இறக்கிவிட்டார்கள், தட்டிக் கேட்க ஓர் இந்திய அதிகாரியும் பக்கத்தில் இல்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஓய்வு கிடைத்திருந்தால் நிறம் மாறியிருக்கலாம்.

அதே ஹெல்சின்கியில் அடுத்த எடைப் பிரிவில் கேசவ் மங்காவே நான்காவது வந்தார். அவரும் கோலாப்பூர் பயில்வான்தான். ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் ஒலிம்பிக்கில் அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார்கள்! அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே மேட்டும் பயிற்சியாளரும் கொடுத்திருந்தால், மல்யுத்தத்தில் அடுத்த பதக்கத்துக்கு 2008 பெய்ஜிங் வரை 56 வருடம் காத்திருந்திருப்போமா? 1996இல் டென்னிஸில் லியாண்டர் பயஸ் ஜெயிக்கும் வரை வேறு எந்தத் தனிநபர் பதக்கமும் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பொது அறிவுத் தேர்வில் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் யார் என்ற கேள்விக்கு நான் ஜாதவை விட்டு லியாண்டர் பயஸ் என்று எழுதினேன். டீச்சரும் சரி போட்டார்.

ஊர் திரும்பிய ஜாதவ் குஸ்திப் போட்டிகள் நடத்தி, வந்த பணத்தில் முதல்வரின் கடனை அடைத்தார். பகிரும்போது இதையும் சேர்த்துப் பகிருங்கள். 1955இல் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர், அசிஸ்டென்ட் கமிஷனராக ஓய்வு, 1984இல் சாலை விபத்தில் மரணம். 2010இல் டெல்லியில் ஒரு மல்யுத்த அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஒரு வேண்டுகோள். 1952 சென்னைப் போட்டியைப் பார்த்த தாத்தாவோ, அந்த வாரத்துப் பழைய பேப்பரோ யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த ஒரு புள்ளி எந்தப் பிடிக்குப் போடாமல் விடப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.