கிளிப்பச்சை வீட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சமூக வலைத்தளத்தில் கேலிப் பதிவாகச் சுற்றும் அந்த வீட்டுப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிளிப்பச்சைச் சுவர், வாடாமல்லி நிறத்தில் பார்டர், மஞ்சள் தூண்கள். கீழே ஒரே சிரிப்பு. கண் வலிக்கிறதாம், ரசனை கெட்ட ஜனங்களாம், கடையில் மிச்சமிருந்த பெயின்ட்டையெல்லாம் அடித்துவிட்டார்களாம். நான் மதிக்கிற சிலரும் அதில் சேர்ந்துகொண்டதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பச்சையும் வாடாமல்லியும் சேராது என்று யார் சொன்னது? செந்தார்ப் பைங்கிளிக்கு உடம்பெல்லாம் பச்சை, அலகு சிவப்பு, ஆண் கிளியின் கழுத்தில் ரோஜா நிற வளையம். மழைக்காலத்தில் எங்கள் ஊர் வேலிகளில் பூக்கும் செங்காந்தளைப் பாருங்கள். இதழ் பச்சையாகத்தான் விரியத் தொடங்கும். பிறகு மஞ்சளாகும், நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், கடைசியில் முழுவதும் சிவந்துவிடும். ஒரே கொடியில் இந்த மூன்று நிறமும் ஒரே நேரத்தில் நிற்கும். அதைத்தான் மாநில மலராக வைத்திருக்கிறோம். அதைப் பார்த்து யாருக்கும் கண் வலித்ததில்லை.

கல்யாண வீட்டில் வாடாமல்லிக் கரை போட்ட கிளிப்பச்சைப் பட்டைக் கண்டால் இதே ஆட்கள் "எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். காஞ்சிபுரத்தில் சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு அதற்கு நேர் எதிரான நிறம் என்று வைத்து, இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்கிறார்கள். கோர்வை என்று பெயர். ஊடை நூலை ஓட்டும் நாடா மூன்று வேண்டும், நெசவாளருக்குப் பக்கத்தில் கைகொடுக்க ஓர் ஆளும் வேண்டும். அவ்வளவு பாடுபட்டு நெய்த சேர்க்கை உடம்பில் இருந்தால் பாரம்பரியம், சுவரில் இருந்தால் பட்டிக்காடா?

"வெளிர் நிறம்தான் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்" என்பார்கள். சரிதான், மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். ஆனால் அந்தப் பதிவில் வெப்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "எங்கள் கருத்தைச் சொல்ல உரிமை இல்லையா?" என்றும் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்குப் பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. சந்தன நிற வீட்டைப் பார்த்து நாங்கள் யாரும் சிரித்ததில்லையே!

வெளிநாடு என்றால் மட்டும் எல்லாம் மாறிவிடுகிறது. இத்தாலியின் புரானோ தீவில் வரிசையாக நிற்கும் பச்சை, ஊதா, சிவப்பு வீடுகளை ஆசையாகப் பகிர்கிறீர்கள். மெக்சிகோவில் ரோஸ் நிறச் சுவர்களை எழுப்பிய கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகானுக்கு 1980இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசே கொடுத்தார்கள். அவருடைய வீடு 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே அது கலை. இங்கே ஒரு கொத்தனாரின் குடும்பம் அடித்தால் கேலி.

என் பெரியம்மா ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டபோது, பெயின்ட் கடைக்கு முற்றத்து வாடாமல்லிப் பூ ஒன்றைப் பறித்துக்கொண்டு போனார். ஷேட் கார்டில் எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. கடைக்காரர் நிறம் கூட்டும் ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். பெரியம்மா பூவை டப்பாவின் விளிம்பில் வைத்துப் பார்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை வீட்டில் எதையும் அவரைக் கேட்டு யாரும் செய்ததில்லை. மாப்பிள்ளை ஊர், மருமகள் ஊர், நிலம் விற்றது எல்லாமே பெரியப்பா முடிவு. நிறம் மட்டும் பெரியம்மாவுடையது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சென்னை உறவினர் ஒருவர் வாசலில் நின்றபடியே, "என்ன அக்கா, சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். மறு பொங்கலுக்கு வீடு முழுவதும் கிரீம் கலராகிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு என்ன தெரியும், நாலு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார்.

அந்த நாலு பேர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவு பேசுவதா?" என்று கேட்பவர்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரே ஒரு முறை வீடு கட்டுகிறவர்களின் வாசலில் போய் நின்று அந்த நகைச்சுவையைச் சொல்லிப் பார்க்கட்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவின் மேல் பலகையில் வீட்டுக்காரர் பெயரும் கதவு எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. யாரிடம் கேட்டு எடுத்தீர்கள்? பதிவை இன்றைக்கே நீக்குங்கள்.