பிரசாரப் படமாகவே இருக்கட்டும், பெயரைச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நான் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டேன் என்று பேச்சு அடிபடுகிறது. வெளியேறவில்லை, கடைசி வரிசையில்தான் இருந்தேன். விண்வெளியின் எடையின்மையை நம்பும்படி திரையில் காட்டிய முதல் ஆள் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எடுத்த அமெரிக்க இயக்குநர் குப்ரிக் என்று மேடையில் சொன்னார்கள். இல்லை, சோவியத் இயக்குநர் பாவெல் குளுஷான்சேவ் என்று எழுந்து சொன்னேன். "அதெல்லாம் சோவியத் பிரசாரப் படம்" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

லெனின்கிராடில் அறிவியல் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். 'நட்சத்திரங்களுக்குப் பாதை' 1957இல் வந்தது. ககாரின் விண்ணுக்குப் போக இன்னும் 4 ஆண்டுகள் இருந்தன. குப்ரிக்கின் அந்தப் படம் வந்ததோ 1968இல். நடிகரைக் கம்பியில் கட்டி மேலிருந்து தொங்கவிட்டு, கேமராவை நேர் கீழே வைத்தார் குளுஷான்சேவ். கம்பியை நடிகரின் உடம்பே மறைத்துவிடும். பார்க்கிற நமக்கு அந்த மனிதர் மிதக்கிறார். சுழலும் விண்வெளி நிலையம்கூட குளுஷான்சேவின் படத்திலேயே இருக்கிறது.

குப்ரிக் திருடினார் என்று நான் எங்கே சொன்னேன்? அவர் படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று என் வீட்டில் கேளுங்கள். 1902இலேயே பிரெஞ்சு இயக்குநர் மெலியெஸ் படத்தில் நிலாவுக்கு ஆள் அனுப்பவில்லையா, 1929இல் ஜெர்மன் படத்தில் ஃபிரிட்ஸ் லாங் ராக்கெட் விடவில்லையா என்கிறார் ஒரு நண்பர். சரிதான். அவர்கள் பெயரை யாரும் மறைக்கவில்லையே! பிரசாரம் என்பவர்களுக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. அந்தக் கம்பியை மறைத்தது பிரசாரமா?

1962இல் குளுஷான்சேவ் எடுத்த 'புயல்களின் கோள்' படத்துக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அமெரிக்காவில் ரோஜர் கார்மன் என்ற தயாரிப்பாளர் அதை வாங்கினார். பேசில் ராத்போன் நடித்த சில காட்சிகளை ஒட்டி, 1965இல் வேறு தலைப்பில் படம் வந்தது. இயக்கம்: ஜான் செபாஸ்டியன். கர்டிஸ் ஹாரிங்டன் என்ற அமெரிக்க இயக்குநர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. 1968இல் அதே காட்சிகளைக் கொண்டு இன்னொரு படமும் வந்தது.

என் அப்பா நாடகக் குழுக்களுக்குப் படுதா வரைந்தவர். தர்பார் காட்சியில் ஒரு தூணின் நிழல் சரியாக விழவேண்டும் என்று விடியவிடிய உட்கார்ந்திருப்பார். நோட்டீஸில் ஆர்மோனியக்காரர் பெயர்வரை இருக்கும், அப்பா பெயர் இருக்காது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் அப்படி இருக்கமாட்டேன்.

அடுத்த மாதம் அந்த 1957 படத்தை நானே கொண்டுவருகிறேன். பத்து நிமிடம் கொடுங்கள் போதும். இயக்குநர் பெயர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்கள்.