மணவாளக்குறிச்சி மணலுக்கு வரலாறு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு?

கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரான மணவாளக்குறிச்சி என்றாலே எல்லோரும் கருமணலைத்தான் பேசுகிறார்கள். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். அதிலிருந்து எடுத்த தோரியம் ஐரோப்பாவின் கேஸ் விளக்குகளில் ஒளிரும் வலைகளான மேண்டில்களுக்குப் போனது. 1950-இல் மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஐ.ஆர்.இ. (இந்தியன் ரேர் எர்த்ஸ்) நிறுவனம் உருவானது. இவ்வளவும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. சரி, அந்த மணலை அள்ளியவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? அதை யார் எழுதிவைத்தார்கள்?

நம் வட்டாரத்துப் பழைய ஓட்டுப் பள்ளிக்கூடங்களைத்தான் சொல்கிறேன். 'பழுதடைந்த கட்டிடம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஜேசிபி வந்துவிடுகிறது.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆபத்தான கட்டிடங்களை இடிக்கச் சொன்னது நியாயமே. பிள்ளைகளின் உயிருக்கு மேல் எந்தப் பாரம்பரியமும் கிடையாது. ஆனால் பழசு வேறு, ஆபத்து வேறு.

கடலோர உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும், காரை பெயர்ந்து விழும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவரில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. அதற்கு எதிரி தண்ணீர்தான். உடைந்த ஓடுகளை மாற்றாமல் விட்டால் மழை இறங்கி, கூரையைத் தாங்கும் மரச்சட்டமான கழுக்கோல் உளுத்துப்போகும், சுவரின் தலை நனையும். அந்தச் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். பல கட்டிடங்களை இப்படி நாமே பழுதாக்கிவிட்டு, வயசாகிவிட்டது என்கிறோம். தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையும் மரமும் ஓடும்தானே? கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது, நிற்கிறது.

கட்டிடத்தைவிட எனக்குப் பெரிய கவலை அலமாரியில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடுகள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அப்பாவின் பெயர், எந்த வகுப்பில் படிப்பை நிறுத்தியது என்பதெல்லாம் அதில் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். அந்தக் காலத்துப் பக்கங்கள் மலையாளத்தில்கூட இருக்கலாம். கடலுக்கும் மணலுக்கும் போன குடும்பங்களுக்கு இதைவிட்டால் வேறு ஆவணம் ஏது? கரையான் அரித்துவிட்டால் நகலும் கிடைக்காது.

இடிக்க ஒப்பந்தம் விடுவதற்கு முன்னால் சுண்ணாம்புக் கட்டிட வேலை தெரிந்த ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்க்கட்டும். அவருடைய அறிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும். இடித்தே ஆகவேண்டும் என்றால் அளந்து, வரைபடம் போட்டு, புகைப்படம் எடுத்துவிட்டு இடிக்கட்டும். பதிவேடுகளை மட்டும் இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஸ்கேன் செய்துவிட வேண்டும்.