பழைய துணி என்பதற்காக விலையைக் குறைக்காதீர்கள்

தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடையாக வரும் துணிகளில் விற்க முடியாதவற்றைப் பிரித்து, வெட்டி, வேறு பொருளாகத் தைத்து விற்கும் பணியில் நானும் கைகொடுத்து வருகிறேன். நல்ல பணி, மனதுக்கு நிறைவான பணி. ஆனால் இதை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. தைத்து முடித்த பொருளுக்கு நாமே போடும் அடிமாட்டு விலையைத்தான் சொல்கிறேன்.

வரும் மூட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலர் நைந்த சட்டை, ஜிப் போன பேன்ட், அக்குளில் மஞ்சள் படிந்த பனியன், ஓரம் கிழிந்த படுக்கை விரிப்பு. கடையில் தொங்கவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பது சொற்பம். அதைத் தரம் பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், எதற்கும் உதவாததைக் கழிவாக அகற்றவும் செலவு உண்டு. கொடுத்தவருக்கு நன்கொடை, வாங்கியவருக்குச் சுமை.

எடைக்குப் போன துணியின் கதையும் மகிழ்ச்சியானதல்ல. ஒரு பகுதி இயந்திரம் துடைக்கும் துணியாகிறது. இன்னொரு பகுதியைக் கிழித்து நாராக்கி மறுபடி நூற்கிறார்கள். 1813இல் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா பழைய கம்பளித் துணியில் தொடங்கிய இந்தத் தொழில் இன்று பானிபட்டில் பெரிய அளவில் நடக்கிறது. மலிவான போர்வைகள் பலவும் அப்படித்தான் பிறக்கின்றன. அணியத் தக்கது என்று ஒதுக்கப்படுவதில் ஒரு பகுதி கப்பலேறுகிறது. கானா நாட்டு அக்ராவின் கன்டமான்டோ சந்தைக்கு வாரந்தோறும் சுமார் ஒன்றரைக் கோடி உருப்படிகள் வருவதாக அங்கே பணியாற்றும் 'தி ஆர் ஃபவுண்டேஷன்' கணக்கிடுகிறது. அங்கும் விற்காதவை கால்வாயிலும் கடற்கரையிலும் போய்ச் சேர்கின்றன. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் கொட்டிக் கிடக்கும் துணிக் குவியல்களின் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

சில தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு அந்தக் குவியலை நாம் கரைத்துவிட முடியாது. அதனால்தான் 'இத்தனை கிலோ துணியைக் காப்பாற்றினோம்' என்று அறிக்கையில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக, நிறுவனத்தின் பணிக்கு எவ்வளவு பணம் சேர்ந்தது என்று கேட்போம். அப்படிக் கேட்கத் தொடங்கினால், எந்தத் துணியை எடுப்பது, அதில் என்ன தைப்பது என்ற முடிவுகளே மாறிவிடும்.

ஓர் ஆண்கள் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காலரும் மணிக்கட்டுப் பட்டியும் நைந்திருக்கும். உரசல் குறைந்த முதுகுப் பகுதியோ புதிதுபோல இருக்கும். சட்டைக்குப் பட்டன் போட்டு மேசைமேல் விரித்து, முன்பக்கத்தையும் முதுகையும் சேர்த்து ஒரே சதுரமாக வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே வருமாறு மாற்றி வைத்து, நான்கு ஓரத்தையும் அடித்து, பட்டன்களைக் கழற்றி அந்த வழியாகவே வெளியே திருப்புங்கள். தலையணை உறை தயார். பட்டன் பட்டியே உறையின் வாய். ஜிப் வாங்க வேண்டாம், காஜா எடுக்க வேண்டாம். அந்த வேலையை முன்னமே ஒரு தையல்காரர் செய்துவைத்துவிட்டார். பாக்கெட்டை மட்டும் பிரிக்காதீர்கள். வெளுத்துப்போன சட்டையில் அதன் அடியில் மட்டும் சாயம் போகாமல் ஒரு சதுரம் பளிச்சென்று தெரியும். பாக்கெட்டோடு இருந்தால் அதுவே அழகு.

ஜீன்ஸில் முழங்காலும் தொடையின் உட்புறமும்தான் முதலில் போகும். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்துத் துணி திடமாக இருக்கும். பைக்கு அது போதும். அதன் இரட்டைத் தையலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடும். தையலை ஒட்டியே வெட்டிவிடுவது மேல். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் போக்கைப் பார்த்து வெட்ட வேண்டும். கோணலாக வெட்டிய பை தோளில் மாட்டியதும் முறுக்கிக்கொள்ளும்.

எந்தத் துணி என்று தெரியாவிட்டால் ஓரத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியைப் பாலியெஸ்டரில் தைத்து விற்பது ஆபத்து, உருகிக் கையில் ஒட்டும். தேய்ந்து தேய்ந்து உருண்டை கட்டிய கலப்புத் துணியில் எவ்வளவு பாடுபட்டாலும் அது பழசாகவே தெரியும். அதை ஒதுக்கிவிடத் தயங்காதீர்கள்.

சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டித் தைக்கும் விரிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. தைப்பவர்கள் எல்லோருக்கும் அதில்தான் ஆசை. ஆனால் அது விழுங்கும் நேரத்தில் எத்தனையோ உறைகளும் ஏப்ரன்களும் முடிந்துவிடும். ஏலத்துக்கோ, விலை பேசி முடித்த ஆர்டருக்கோ மட்டும் விரிப்பு தைக்கலாம். அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, கடைசியில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

விலைக்கு வருகிறேன். 'பழைய துணிதானே, இதற்கா இவ்வளவு?' என்று வாங்க வருபவர் கேட்பதைவிட, விலைச்சீட்டு எழுதும் நம்மவர்களே கேட்பதுதான் அதிகம். துணி இலவசம், உழைப்பும் இலவசம், பிறகு எதற்கு விலை என்பது அவர்கள் வாதம். அந்த உழைப்பு இலவசமாக வந்தது யாருக்காக? தைத்தவர் தன் மாலைப்பொழுதை ஒரு நோயாளியின் மருந்துக்காக, ஒரு பிள்ளையின் படிப்புக்காகக் கொடுத்திருக்கிறார். பொருளை அற்ப விலைக்கு விற்றால், அந்தக் கொடையை எடுத்து வாங்குபவருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறோம். அதற்கு நமக்கு உரிமை இல்லை.

நல்ல விலை கேட்பவர் நல்ல தையலும் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன். உள்துணி வைக்காத பை, பிசிறு தொங்கும் ஓரம், கழுவியதும் பிரியும் கைப்பிடி, இவற்றையெல்லாம் 'தொண்டுக்காகத்தானே' என்று மன்னிக்கச் சொல்லக் கூடாது. இரக்கப்பட்டு ஒருமுறை வாங்குவார்கள், மறுமுறை வரமாட்டார்கள். லண்டனின் 'டிரெய்ட்' தொண்டு நிறுவனம் நன்கொடைத் துணிகளிலிருந்து உருவாக்கிய ஆடைகளுக்குத் தனிப் பெயரே வைத்து, புது நாகரிக ஆடையாகவே முன்வைத்தது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

எல்லாவற்றையும் விற்றே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு பழைய பருத்தித் துணியைச் சுத்தப்படுத்தி, மாதவிடாய்க் கால அணையாடைகளாகத் தைத்துத் தேவைப்படும் பெண்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு பருத்தித் துணிக்குச் சந்தையில் கிடைக்கும் காசைவிட அந்தப் பயன் பெரிது. எது விலைக்கு, எது நேரடி உதவிக்கு என்பதைத் தரம் பிரிக்கும் மேசையிலேயே முடிவு செய்ய வேண்டும்.

துணி கொடுப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழிந்ததை அந்த நிறுவனம் ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். தைக்கும் வசதி இல்லாத இடத்தில் அது குப்பைதான். துவைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மூட்டை கட்டுங்கள். ஈரமான ஒரே ஒரு துண்டு இருந்தாலும் மொத்த மூட்டையும் பூஞ்சை பிடித்துவிடும். பட்டன்களை வெட்டி எடுத்துக்கொள்ளாதீர்கள். நூல், ஜிப், எலாஸ்டிக் ஆகியவற்றுக்குத்தான் இந்தப் பணியில் கைக்காசு போகிறது. உங்கள் தையல் பெட்டியில் மிஞ்சிக் கிடப்பவற்றை ஓர் உறையில் போட்டு, உள்ளே இருப்பதை மேலே எழுதி, துணியோடு சேர்த்து அனுப்புங்கள்.