ஆள் மாறினால் தெரிந்துவிடும்

ராக் பேண்டுக்கும், பாடகருக்குப் பின்னால் கூலிக்கு வாசிக்கும் பின்னணிக் கலைஞர்களுக்கும் என்ன வித்தியாசம்? மேடையில் அதே நாலு பேர் வருஷக்கணக்கில் நின்றாலே அது ராக் பேண்ட் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது போதாது. ஒருவர் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பான்ஹாம் இறந்தார்; டிசம்பரிலேயே அவருடைய ராக் குழு லெட் செப்பெலின் கலைந்தது. பின்னணிக் கலைஞர் என்றால் நோட்டேஷனை (எழுதிய இசைக்குறிப்பை) கையில் கொடுத்து வேறு ஆளை உட்கார வைத்திருப்பார்கள்.

நோட்டேஷனைப் பார்த்து வாசிப்பவரிடம் வராத விஷயம் ஒன்று: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ், ஸ்னேர் (இடது கை அடிக்கும் சின்ன டிரம்) விழும் 2, 4ஆம் தட்டுகளில் வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து (ஜோடித் தாளத்தட்டிலிருந்து) தூக்கிவிடுவார். நாலு தட்டுச் சுற்றில் ஹை-ஹாட்டின் வழக்கமான எட்டு அடிக்குப் பதில் ஆறுதான் கேட்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் கிதாருக்கு மூச்சு விடும் இடம்.

அடுத்தது பணம். ஆர்.இ.எம். என்ற ராக் குழு பாடல்களை நால்வர் பெயரிலும் பதிந்தது; குவீன் குழு 1989 ஆல்பத்திலிருந்து அந்த வழிக்கு வந்தது. கூலிக்கு வாசிப்பவருக்கு அன்றைய சம்பளம்தான், பாடல் ராயல்டியில் பொதுவாகப் பங்கில்லை. எத்தனை குழுக்கள் உடைந்ததே இந்தக் கணக்கில்தான்!

பேண்ட், கூலிக்கு வாசிப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பது பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்ட். பாட்டும் முடிவும் ஸ்பிரிங்ஸ்டீனுடையவை. 1989இல் குழுவை அவரே அனுப்பிவிட்டார். 1999இல் ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்ததும் அவர் மட்டும்தான். குழுவுக்கு 2014 வரை காத்திருப்பு.