எத்தனை குடும்பத்துக்குப் பங்கு கொடுக்கலாம்? கிணற்றைக் கேளுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பங்குத் தோட்டம் தொடங்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்பாடு எளியது. விதை போட முன்னமே சில குடும்பங்கள் பணத்தைக் கட்டுகின்றன. தோட்டக்காரர் கிழமைக்கு ஒரு பை மரக்கறி கொடுக்கிறார். விளைந்தாலும் பொய்த்தாலும் இரு தரப்பும் சேர்ந்தே தாங்குகின்றன. ஜப்பானில் இது 1970களில் பரவியது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்சயரிலும் இரண்டு பண்ணைகள் தொடங்கின. அந்த நாடுகளில் கோடைதான் பை நிறையும் காலம். எங்களுக்கோ ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்கிற மழையை வைத்துப் புரட்டாதி வரை ஓட்டவேண்டும். அதனால் அவர்கள் நிலத்தை அளந்து ஆள் சேர்ப்பதுபோல் நாம் சேர்க்கக்கூடாது. கிணற்றை அளந்து சேர்க்கவேண்டும்.

களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் பக்கத்து நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல். மழைத்தண்ணி மணலுக்குள் இறங்கி, உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் சொல்கிற கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழேயிருந்து உப்பு வெகுதூரம் ஏறும் என்பதுதான் இதன் பொருள். 2 அங்குலப் பம்மைப் போட்டு அடி தெரிய இறைக்கிற தோட்டத்தில் ஆடி மாதம் கொச்சிக்காய் இலையின் ஓரம் கருகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெயில் சுட்டது என்று நினைத்து இன்னும் தண்ணி விடுவார்கள். உப்புத் தண்ணியையே மேலும் மேலும் விட்டால் செடி எப்படித் தேறும்?

கணக்கை இப்படிப் போடுங்கள். 5 அடி அகலமுள்ள வட்டக் கிணற்றில் 1 அடித் தண்ணி ஏறத்தாழ 550 லீற்றர். காலையில் 3 அடி இறைத்து, பின்னேரத்துக்குள் அது திரும்ப ஊறினால், அப்போதும் 3 அடி எடுக்கலாம். ஆக நாளுக்கு 3,300 லீற்றர். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற நாளில், வளர்ந்த பயிர் நிற்கிற 1 சதுர மீற்றர் பாத்திக்கு 6 முதல் 7 லீற்றர் வேண்டும். அப்படிப் பார்த்தால் 450 சதுர மீற்றருக்கு மேல் பாத்தி போடக்கூடாது. அது 18 பேர்ச் அளவு. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு கிழமைக்கு 4 கிலோ கொடுக்க 40 சதுர மீற்றர் பாத்தி தேவை. காணி ஒரு ஏக்கர் இருந்தாலும் அந்தக் கிணறு தாங்குவது 11 குடும்பத்தைத்தான். நான் 10 உடன் நிறுத்துவேன். ஊற்றை ஆவணி, புரட்டாதியில் அளந்து பாருங்கள். தை மாதத்தில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் கிடக்கும்.

மாரியில் மேட்டுப்பாத்தி போட்ட இடத்தில் கோடைக்குப் பாத்தியை 3 அங்குலம் தாழ்த்துங்கள். மாட்டெருவைப் பாத்தி முழுக்கத் தூவாமல் நடுகிற குழிக்குள் போடுங்கள்; மணலில் தூவிய எரு காய்ந்து காற்றோடு போய்விடும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வைக்கோலைச் சேர்த்து வைத்து, செடியின் அடியில் 3 அங்குலத் தடிப்புக்குப் பரப்புங்கள். தண்டில் முட்டக்கூடாது, கறையான் ஏறும். கச்சான் வருகிற மேற்குப் பக்கத்தில் கிடுகு வேலியாவது வேண்டும். பாகல், புடோல் பந்தல்களில் பூ உதிர்வதற்குப் பாதிக் காரணம் காற்றுத்தான்.

புதிய பங்குத் தோட்டங்களில் அடிக்கடி நடக்கிற பிழை, எல்லா விதையையும் சித்திரையில் ஒரே நாளில் போடுவது. ஆனியில் வெண்டிக்காய் குவியும், ஆவணியில் பை வெறுமையாகும். வெண்டியையும் பயற்றையையும் 3 கிழமைக்கு ஒருமுறை சிறிது சிறிதாகப் போடவேண்டும். ஒரு குடும்பத்துக்கு கிழமைக்கு அரைக் கிலோ வெண்டிக்காய் கொடுக்க, காய்க்கிற பருவத்தில் 12 முதல் 15 செடி நிற்கவேண்டும். தக்காளியை இந்தக் கோடையில் வாக்குக் கொடுக்காதீர்கள். இரவுச் சூட்டில் பூ பிடிக்காது. போஞ்சியும் கரட்டும் மலைநாட்டிலிருந்து தம்புள்ளை வழியாக வருகிறவை. அவற்றைப் பையில் எதிர்பார்க்கவேண்டாம் என்று அங்கத்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அறுவடையில் வெண்டிதான் ஆளைச் சோதிக்கும். பூ விரிந்து 5, 6 நாளில் காய் விரல் நீளத்துக்கு வந்துவிடும். நுனியை வளைத்தால் டக்கென்று முறியவேண்டும். வளைந்து நார் தெரிந்தால் நாள் கடந்துவிட்டது. அதையும் செடியில் விடாமல் வெட்டி எறியுங்கள். முற்றிய காய் ஒன்று நின்றாலும் செடி அடுத்த பூவைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றைவிட்ட ஒருநாள் கட்டாயம் பறிக்கவேண்டும், கோயில் திருவிழா நாளானாலும். முழுக்கைச் சட்டை போடாவிட்டால் சுணை கையைத் தின்னும். விடிய 5.30க்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்து, நிழலில் ஈரச்சாக்கின் மேல் பரப்புங்கள். வெண்டியைக் கழுவவேண்டாம், கறுத்துப்போகும். கீரைக்கட்டை வேரோடு இரண்டு அங்குலத் தண்ணியில் நிறுத்தி வைத்தால் பின்னேரம் வரை வாடாது. கத்தரியில் நுனி வாடிய தளிரைக் கண்டால் வாடலுக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரியுங்கள். தளிருக்குள் புழு இருக்கிறது. வெட்டியதைப் பாத்தியோரம் போட்டால் அது மீண்டும் செடிக்கே வரும்.

ஆனி, ஆடியில் இன்னொரு சிக்கல். பலர் கதிர்காமத்துக்கு நடந்து போவார்கள், வீட்டில் பை எடுக்க ஆள் இருக்காது. அதே நாட்களில் விரதகாரர் வீடுகளுக்கு இரட்டிப்பு மரக்கறி தேவை. பையை யாருக்கு மாற்றிக் கொடுப்பது என்று போகிறவர்களிடம் முன்னமே எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கத்தை மட்டும் தொடங்கவேண்டாம்.

பணம் பங்குனியிலேயே வரவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விதை, வைக்கோல், கிடுகு, பம்முக்கு எண்ணெய் எல்லாம் அப்போதே கேட்கின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோதும், 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோதும் நட்டம் முழுவதும் தோட்டக்காரர் தலையில்தான் விழுந்தது. மாதச் சம்பளக்காரர் முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டட்டும். கூலிவேலைக் குடும்பங்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கி, அவர்களிடம் கிழமைக்குக் கிழமை வாங்குங்கள். இதை விட்டுவிட்டால் பங்குத் தோட்டம் வசதியானவர்களின் கடையாகிவிடும்.

கடைசி இரண்டு மாதத்துக்கான பையை வைகாசியிலேயே யோசிக்கவேண்டும். பூசணியை 3 அங்குலக் காம்போடு வெட்டி, தரையில் படாமல் காற்றோட்டமான மரத்தட்டில் அடுக்கினால் இரண்டு மூன்று மாதம் கெடாது. காம்பு முறிந்த காயை முதலில் கொடுத்துவிடுங்கள். ஆவணியில் கிணறு இறங்கியதும் வெண்டி, பயற்றைப் பாத்திகளில் பாதியைக் கைவிட்டு, கத்தரிக்கும் கீரைக்கும் மட்டும் தண்ணி விடுங்கள். பையின் மீதி இடத்துக்குப் பூசணியும் முருங்கையும் மரவள்ளியும் போகட்டும்.